வேறொரு கருவியில் பாடிக்கொண்டிருக்கிறது

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பெயர் என்ன சொன்னீர்கள்? சகாயமேரி. நல்லது. கடையில் போனை எடுத்தவர், "எக்ஸ்பர்ட் வருவாங்க, பதறாதீங்கம்மா" என்றார். மீசை வைத்த ஒருவரை எதிர்பார்த்தேன். இதுவே தேவலை.

இல்லை, இல்லை, கணினியைத் தொடாதீர்கள். முதலில் வரலாறு.

முப்பத்திரண்டு வருஷம் பெண்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்தினேன். ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து "இது என்ன செடி மேடம்" என்று கேட்டால் நான் பார்க்கவே மாட்டேன். எங்கே முளைத்தது, பக்கத்தில் என்ன இருந்தது, வெயிலா நிழலா, அதையெல்லாம் சொன்ன பிறகுதான் கண்ணாடியைப் போடுவேன். ஆகவே கேளுங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்பது நாளைக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு, பாட்டுச் செயலிக்கு அப்டேட் வந்தது. நான் கேட்கவில்லை, அதுவாக வந்தது. "புதிய அனுபவத்துக்குத் தயாராகுங்கள்" என்று போட்டிருந்தது. எழுபத்தொரு வயதில் என்ன புதிய அனுபவம்? வேண்டாம் என்று அழுத்த இடம் தேடினேன். "இப்போது", "சற்று நேரத்தில்" என்று இரண்டே இடம். சற்று நேரத்தில் என்பதை அழுத்தினேன். சற்று நேரத்தில் வந்துவிட்டது.

அன்றிலிருந்து கணினியைப் போட்டால் சரியாக மூன்று நிமிஷம் நன்றாக இருக்கிறது. பிறகு அந்தச் செயலி தானாகத் திறக்கிறது, மவுஸின் அம்பு போன இடத்திலேயே நிற்கிறது, உள்ளே இருக்கும் விசிறி உலை கொதிக்கிற மாதிரி இரைகிறது. எந்த விசையும் கேட்பதில்லை. மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் அடங்குகிறது. அப்படிப் பிடுங்கக் கூடாது என்று தெரியும். வேறு வழி?

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். செவ்வாய், நான்கு முறை. புதன், ஒன்பது. வியாழன் காலையில் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினேன், மறுபடியும் உறைந்தது. மேலே வெட்டினேன், வேர் வேறு எங்கோ இருக்கிறது என்று அப்போதே குறிப்பு எழுதினேன். நீங்கள் சிரிக்கலாம். வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியின் உதவிப் பக்கத்துக்கு எழுதினேன். மூன்று நிமிஷத்துக்குள் எழுத வேண்டும், பிறகு உறைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். தவணை முறையில் எழுதினேன். மனிதர் இல்லை, இயந்திரம் பதில் சொல்கிறது. "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. பொறுமையாக இருக்கிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "மகிழ்ச்சி! இந்தக் கணக்கில் உள்ள மற்ற கருவியை முதலில் அணைக்கவும்" என்றது. மற்ற கருவி திருச்சியில் இருக்கிறது, அந்த வீட்டோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை என்று எழுதினேன். "அருமை! அணைத்த பிறகு மீண்டும் முயலுங்கள்" என்றது.

மற்ற கருவியா? என் தங்கையுடையது. வடிவு. சங்கரவடிவு. என்னைவிட மூன்று வயது சின்னவள். அவளுக்கும் இந்தக் கணினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தாலும் கேட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் அம்மா ஒரு நலங்குப் பாட்டு கட்டியிருந்தாள். கல்யாணத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்கார வைத்துத் தேங்காய் உருட்டி, அப்பளம் நொறுக்கி, காலில் மஞ்சள் பூசும்போது பெண்கள் பாட வேண்டும் இல்லையா, அதற்கு. இரண்டு சரணம். முதல் சரணம் கேலி, அது வடிவுக்கு.

சம்பந்தி வீட்டுக் காப்பியிலே
தாமிரபரணி ஓடுது
பாலைத் தேடிப் போன சீனி
பாதி வழியில் வாடுது

இப்படிப் பாடிச் சிரிக்க வைத்துவிட்டு அவள் நிறுத்துவாள். இரண்டாம் சரணம் எனக்கு. பாவாடை கட்டின காலத்திலிருந்தே அப்படித்தான். எத்தனை கல்யாணம் பாடியிருக்கிறோம்! பாளையங்கோட்டையில் பாதிக் குடும்பம் எங்கள் பாட்டைக் கேட்டுத்தான் தாலி கட்டிக்கொண்டது. இரண்டாம் சரணம் "கேலி போதும் கெட்டி மேளம் கேட்ட வீடு நிறையட்டும்" என்று தொடங்கும். அடுத்த இரண்டு வரி... கோத்த கையை விடாமல் இரண்டு பேரும் கூடி நரைக்க வேண்டும் என்று வரும். பாட்டாகச் சொல்லவில்லை, பொருள் மட்டும் சொன்னேன். தொண்டை கட்டியிருக்கிறது.

வடிவின் மகன் குகனுக்குக் கல்யாணம். இவர் போய் எட்டாம் மாசம். அதோ அந்தப் படத்தில் இருக்கிறாரே, அவர்தான். இந்தக் கணினி அவர் வாங்கியது. நான் கல்யாணத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வடிவுதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்னால் உட்கார வைத்தாள். பெண் வீட்டுப் பெரியவள் ஒருத்தி, "இவங்க முன்னால வரலாமா, இன்னும் வருஷம் திரும்பலியே" என்று முணுமுணுத்தாள். "எங்க அக்கா இல்லாம எனக்கு நலங்கே வேண்டாம், எழுந்திரிங்க எல்லாரும்" என்று வடிவு ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள். அப்பளத்தை நொறுக்கக் காத்திருந்த மாப்பிள்ளை அப்பளத்தைக் கீழே வைத்துவிட்டான்.

அவ்வளவு செய்தாள். எதற்கு? எல்லார் முன்னாலும் என் சரணத்தைப் பிடுங்குவதற்கு!

முதல் சரணம் பாடி முடித்தாள். சிரிப்பு அடங்கியது. என் முறை. நான் சுருதி பிடிப்பதற்காகக் கண்ணை மூடினேன். ஒரு விநாடி. மிஞ்சிப் போனால் இரண்டு விநாடி. மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது, எனக்கு அந்த அளவு மரியாதை. திடீரென்று பக்கத்திலிருந்து குரல். என் சரணத்தை வடிவு பாடுகிறாள்! என் கையை வேறு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், நான் எழுந்து பாடிவிடக் கூடாதே என்று. நான்கு வரியையும் பாடினாள். மண்டபத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்படியென்ன பாடிவிட்டாள்? மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது.

குகனிடம் கேட்டேன், "உங்கம்மா பண்ணுனது நியாயமாடா?" என்று. அவன் சொல்கிறான், "பெரியம்மா, வீடியோல இருக்கு. நீங்க கண்ணை மூடி நாலு நிமிஷம் இருந்தீங்க." நாலு நிமிஷமாம். வீடியோவில் ஏதோ கோளாறு. இந்தக் கருவிகளை நம்ப முடியாது, உங்களுக்குத் தெரியாததா?

பந்தியில் உட்காராமல் பஸ் ஏறினேன். பதினோரு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. பன்னிரண்டாவது முறை செய்வாள் என்று போன் பக்கத்திலேயே இருந்தேன், சும்மா கவனிப்பதற்காக. செய்யவில்லை. அவளுக்கும் ரோஷம் உண்டு, எங்கள் அப்பா பிள்ளைதானே. மூன்று வருஷம் நாலு மாசம் ஆகிறது.

கணினிக்கு வருகிறேன். அடுத்த வாரமே குகன் வந்து இதில் பாட்டுச் செயலியை ஏற்றினான். "சும்மா இருக்கும்போது கேளுங்க பெரியம்மா. அம்மா கணக்கிலேயே போட்டுட்டேன், ரெண்டு பேருக்கும் ஒண்ணு போதும்" என்றான். எனக்கு அவள் கணக்கு வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். "வீடு" என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஒரே ஒரு பாட்டு, பக்கத்தில் வடிவு என்று பெயர். அதை நான் கேட்கவே இல்லை. உடனே அதற்கு மேலே என் வீணையைப் போட்டேன்.

மறுநாள் திறந்தால் வீணைக்கு மேலே ஒரு நாதஸ்வரம் உட்கார்ந்திருக்கிறது! மல்லாரி. காலை ஏழு மணிக்கு வீட்டுக்குள் சாமி புறப்பாடு. பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதுதான் முதலில் பாடும். நான் விடுவேனா? வீணையை இன்னொரு தடவை சேர்த்தேன். அது மேலே வந்துவிட்டது. மத்தியானம் பார்த்தால் மறுபடியும் நாதஸ்வரம். இப்படித்தான்.

இன்னொன்று. ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்கலாம். நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவள் அங்கே தொட்டால் இங்கே நின்றுவிடும். "வேறொரு கருவியில் பாடிக்கொண்டிருக்கிறது" என்று எழுத்து வரும். எவ்வளவு எரிச்சல், நினைத்துப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வரும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் வரும். நானும் சரியாக அந்தந்த நேரத்துக்கே போய் உட்காருவேன், விட்டுக்கொடுக்கக் கூடாது என்று.

அவள் என்ன கேட்கிறாள் என்பதும் தெரியும். நான் பார்ப்பதில்லை, கண்ணில் படும். போன ஆவணியில் ஒரு புதன்கிழமை, நாதஸ்வரம் இல்லை, வரிசையாக மூன்று தாலாட்டு. குகனுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். சாயங்காலம்தான் அவன் போன் செய்தான். "பொண்ணு பெரியம்மா" என்றான். தெரியும் என்றேன். "யார் சொன்னா?" மற்ற கருவி என்றேன். மாசியில் அவள் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்தபோது நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தது. வலி என்றால் அவளுக்குப் பாட்டு வேண்டும், சின்னதிலிருந்தே. அந்த ஒரு வாரம் நான் வீணையைச் சேர்க்கவில்லை. விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு வேறு வேலை இருந்தது.

என்ன வேலையா? ஞாபகமில்லை.

சரி, இதுதான் வரலாறு. இப்போது ஒன்பது நாளாக எதுவும் தெரிவதில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையை மறப்பாள். எனக்கென்ன. எனக்கு வேண்டியது என் வீணை. வீணையா? இருக்கிறது, அதோ அந்த அலமாரியில் இதே வீணை இசைத்தட்டாகவே இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்கலாம். அது விஷயமில்லை. இப்போது தொடலாம்.

ஓ, அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிட்டுக் கணினியை எழுப்ப ஒரு வழி இருக்கிறதா? பாதுகாப்பு முறை. அந்த உதவிப் பக்க இயந்திரம் அதைச் சொல்லவில்லையே. அருமை, மகிழ்ச்சி என்று மட்டும் சொன்னது... அம்பு நகர்கிறது! நகர்கிறது, சகாயமேரி! அதுதான் பட்டியல். ஆமாம், "வீடு". கீழே எண் போட்டிருக்கிறதே, அது என்ன?

பதினாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

திரும்பத் திரும்ப அதே இரண்டு பாட்டா? ஏன், நடுவில் தாலாட்டும் இருக்குமே. ஒரே பாட்டைத் திரும்பச் சேர்த்தால் மேலே நகராதா? புதிதாக இன்னொன்று சேருமா? இது யாருக்குத் தெரியும்? நான் ஒரு நாளைக்கு ஆறு தடவைதான் சேர்ப்பேன். ஆறு தடவை மனிதர்கள் தண்ணீர் குடிப்பதில்லையா? அவளும் ஆறு தடவை சேர்த்திருப்பாள். அவள் ஏழு, எட்டுகூடச் சேர்ப்பாள்.

பழைய செயலி பத்துப் பத்தாக எடுத்துக் காட்டும், புதியது பதினாலாயிரத்தையும் ஒரே வாயில் விழுங்கப் பார்க்கிறது. அதனால் மூச்சு முட்டுகிறது. அப்படியா. நான் அன்றைக்கே எழுதினேன் பாருங்கள், வேர் வேறு இடத்தில் என்று.

அப்படியானால்... கொஞ்சம் இருங்கள். இதே பட்டியல்தானே திருச்சியிலும்? அங்கேயும் ஒன்பது நாளாக உறைந்துதான் கிடக்குமா? அவளுக்கும் இங்கே நடப்பது எதுவும் தெரியாதா?

ஓ.

இல்லை, ஒன்றுமில்லை. சொல்லுங்கள். இரண்டு வழி. ஒன்று, எனக்குத் தனியாக ஒரு கணக்கு. இரண்டு நிமிஷ வேலை. இனிமேல் அந்த எழுத்து வரவே வராது, யாரும் நடுவில் நிறுத்த மாட்டார்கள், நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

வேண்டாம்.

ஏன் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். அவன் ஆசையாகப் போட்டுக் கொடுத்தது. இன்னொரு வழி சொல்லுங்கள்.

பட்டியலைக் காலி செய்வது. ஆனால் அப்போது அங்கே செயலி திறந்திருந்தால் திரும்ப ஏறிவிடும், அவர்களும் மூடியிருக்க வேண்டும். அதாவது போன் செய்து சொல்ல வேண்டும். நீங்கள் செய்யுங்களேன். கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லுங்கள். பொய்யா? உங்கள் கடையும் கம்பெனிதானே.

சரி, அது இருக்கட்டும். கீழே போய்ப் பாருங்கள், கடைசி வரை. கடைசியில் இருப்பதுதான் முதல் பாட்டு, அவள் போட்டது. எந்த வித்வான் என்று பார்த்துவிட்டு அழிக்கலாம். என்னது, கடையில் விற்கிற பாட்டு இல்லையா? வீட்டில் பதிவு செய்ததா? போடுங்கள்.

…

அவள்தான். பின்னால் கேட்கிறது பாருங்கள், அது அவள் வீட்டு மிக்சி. சம்பந்தி வீட்டுக் காப்பியிலே. ஆரம்பமே கொஞ்சம் மேலே எடுத்துவிட்டாள். "வாடுது" என்கிற இடத்தில் அந்த இழுப்பு மட்டும் அம்மா மாதிரியே.

நின்றுவிட்டதே? இன்னும் ஓடுகிறதா? தம்பூரா மட்டும் கேட்கிறது. அதோ, நடுவில் ஒரு இருமல். பாருங்கள், பாதியில் நிறுத்திவிட்டாள்! எதையும் முழுசாகச் செய்யவே தெரியாது. முதல் சரணத்தை மட்டும் பாடிவிட்டு மீதியை இப்படிச் சும்மா விட்டு வைத்தால் யார் என்ன செய்வது?

எவ்வளவு நேரம்? முதல் சரணம் நாற்பத்திரண்டு விநாடி. சும்மா விட்டதும் நாற்பத்திரண்டு விநாடி. நீங்கள் எதற்கு இதையெல்லாம் அளக்கிறீர்கள்?

...

அந்தப் போனை எடுங்கள். இது அந்தக் காலத்துப் பொத்தான் போன். எண் எனக்குத் தெரியும். சமாதானம் பேசுவதற்கு என்று நினைக்காதீர்கள், இது தொழில்நுட்ப விஷயம். ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவேன்.

ஹலோ. நான்தான்... எந்த நான்தானா? ஏட்டி, நான் பிரமு. பிரமநாயகி. உனக்கு எத்தனை அக்கா இருக்கா? ... அழாதட்டி. எதுக்கு அழுத? நான் கம்ப்யூட்டர் விஷயமாப் பேசுதேன்... என்னது? ... எனக்கு ஒண்ணும் ஆகலை. நல்லாத்தான் இருக்கேன்... அதுக்காக நாளைக்கு ரயிலேறிப் போயிப் பாத்துட்டு வான்னு குகன்கிட்ட சொன்னியா? பச்சைப்பிள்ளைக்காரனை ஏன் அலைய விடுத? அப்டேட்டுட்டி, அப்டேட். உனக்கும் உறைஞ்சிருச்சா? ... மாத்திரை போட்டியா?

சகாயமேரி, கேட்டீர்களா, அங்கேயும் பழுது பார்க்க ஒரு ஆள் வந்திருக்கிறாராம். இரண்டு மணி நேரமாக உட்கார வைத்து என்னைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம். பாவம் அந்த மனிதர். அவளுக்குச் சுருக்கமாகப் பேசவே வராது.

ஏட்டி, அந்த ஆளை எதையும் அழிக்க வேண்டாம்னு சொல்லு. மூடி மட்டும் வைக்கட்டும். எல்லாத்தையும் இங்கன சகாயமேரி அழிச்சிருவாங்க. பதினாலாயிரம் சேத்து வச்சிருக்கியே, உனக்கு அறிவிருக்கா? ... நான் ஆறுதான் சேத்தேன்! ... சரி, ஏழு... கீழ ஒண்ணு கிடக்கே, மிக்சிச் சத்தத்தோட, அதை அழிக்கலை. இருக்கட்டும். இப்பதான் கேட்டேன்... ஆமா, இப்பதான். ஏன் பாதியில நிறுத்துன? ...

என்னுதா?

...

பிறகு எதுக்கு அன்னைக்குப் பாடுன?

...

சகாயமேரி, ஸ்பீக்கர் போடுகிற பொத்தான் எது? இதுவா. போனை இப்படி மேஜையில் வைத்துவிடுங்கள். ஏட்டி, நீ முதல்ல எடு. கொஞ்சம் இறக்கி எடு, எனக்கு இப்ப அவ்வளவு மேல போகாது. அந்த ஆளு இருந்தா இருக்கட்டும், கேட்டுட்டுப் போகட்டும்.

சகாயமேரி, நீங்களும் உட்காருங்கள். அழிப்பதைப் பிறகு அழிக்கலாம். அந்த மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். அவள் முடித்ததும் சுருதி பிடிக்க நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்வேன்.

நேரம் பார்க்காதீர்கள்.